தலங்கம குளத்தில குருவி பார்க்கப் போறீங்களா?

காலமை வெயில் ஏற முதல் போங்க, பளிச்செண்ட சிவப்பு மஞ்சள் உடுப்பு வேணாம். தலங்கமயோ பெத்தகான ஈரநிலப் பூங்காவோ, பாதையை விட்டு இறங்காதீங்க, தாழைக்கோழி புல்லுக்குள்ளதான் கூடு கட்டும், மிதிச்சாலும் தெரியாது. குருவி தின்னுறத நிப்பாட்டிட்டு கழுத்தை நீட்டி உங்களையே பார்த்தா, நீங்க கிட்டப் போயிட்டீங்க எண்டு அர்த்தம், மெதுவா பின்னுக்கு வாங்க.

போன்ல குருவிட சத்தத்தைப் போட்டு அதைக் கிட்டக் கூப்பிடுற பழக்கம் வேணவே வேணாம். அங்க இருக்கிற ஆண் குருவி, வேற ஆண் தன்ட இடத்துக்கு வந்திட்டுது எண்டு நினைச்சு, இருக்கிற வேலையை எல்லாம் விட்டுட்டு சண்டைக்கு வரும், கூட்டுல குஞ்சு இருந்தா அதுக்குத்தான் ஆபத்து. ஒரு லைக்குக்காக இது தேவையா?

சிங்கராஜ மழைக்காட்டுப் பக்கம் போனா இன்னும் கவனம். செரண்டிப் ஆந்தை எண்டு ஒண்டு, 2004லதான் புது இனமா விவரிச்சாங்க, உலகத்திலேயே இலங்கையில மட்டும்தான் இருக்கு. அது பகல்ல தூங்குற இடத்தை வாட்ஸ்அப் குரூப்ல போட்டா அடுத்த நாளே கூட்டம் வந்திடும். போட்டோ எடுத்தா பிளாஷ் வேணாம், போன்ல லொகேஷனையும் ஓஃப் பண்ணிடுங்க. இடம் கேக்கிறவங்களுக்கு "சிங்கராஜ" எண்டு சொன்னா போதும், கோவிச்சா கோவிக்கட்டும்.