அப்பாவின் பிறப்புச் சான்றிதழ்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அப்பாவின் பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன், வீட்டிலுள்ள பழைய தாள்களைத் துழாவுங்கள். இங்கே பதிவேட்டில் பெயர்கள் திரிந்திருக்கும்; முதலி ‘மூட்லி’ ஆகிவிட்டார். முதற்பெயருக்கும் அதே கதிதான். நான் தமிழ்ப் பற்றில் விண்ணப்பத்தில் தாத்தா பெயரைத் திருத்தி எழுதினேன். அசட்டுத்தனம்! பதிவேட்டில் பிழை இருந்தால் அந்தப் பிழையையே எழுத வேண்டும். இரண்டு மாதம் வீணாயிற்று.

உள்துறை அலுவலகத்தில் சுருக்கச் சான்றிதழைக் கேட்காதீர்கள். பெற்றோர் விவரமும் உள்ள முழுச் சான்றிதழைக் கேளுங்கள். உங்கள் அடையாள அட்டை, அப்பாவின் அடையாள எண், பிறந்த ஊர் எல்லாம் தேவைப்படும். ரசீதைத் தொலைக்காதீர்கள்.

1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்த முன்னோரைத் தேடுகிறீர்களா? அதற்கு அவர்கள் வந்த கப்பலின் ஆள் பட்டியல்தான் வழி. அதில் ஆளுக்கொரு எண், தகப்பன் பெயர், சாதி, சொந்த ஊர்கூட இருக்கும்.