ஒரே சம்பளம், இரண்டு வீட்டுப் பிள்ளைகள்: ஜீவனாம்ச வழக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கைச்சம்பளத்தில் 25 சதவீதம் கொடுத்தால் போதும்" என்ற கணக்கை நம்பி நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள். சட்டத்தில் அப்படி நிலையான விகிதம் கிடையாது. 2017இல் உச்ச நீதிமன்றம் 25 சதவீதம் நியாயம் என்று சொன்னது உண்மைதான். ஆனால் அதே தீர்ப்பில், கணவருக்கு மறுமணம் ஆகிக் குழந்தையும் இருக்கிறது என்பதால், முதல் மனைவிக்கும் மகனுக்குமான மாதத் தொகை 23,000 ரூபாயிலிருந்து 20,000 ஆகக் குறைக்கப்பட்டது. இதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. இன்னொரு குழந்தை இருந்தால் தொகை குறையலாம், பாதியாகிவிடாது.

பலரை வாரண்ட் வரை கொண்டுபோய் விடுவது, தானாகவே தொகையைக் குறைத்துக்கொள்வதுதான். ஒருவர் மாதம் 10,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. அடுத்த திருமணத்தில் குழந்தை பிறந்ததும் 6,000 மட்டும் அனுப்புகிறார். ஓராண்டில் நிலுவை 48,000. கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. உள்ளே போய் வந்தாலும் கடன் தீராது. தொகையைக் குறைக்க வேண்டுமானால், பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கட்டண ரசீது, சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146ஆம் பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 127) மனு போட வேண்டும். புது உத்தரவு வரும்வரை பழைய தொகைதான்.

நிலுவை வரவேண்டிய தாய்மார்களும் சும்மா இருக்கக் கூடாது. தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போடாவிட்டால் அந்த மாதத்துக்கு வாரண்ட் கேட்க முடியாது.

வருமானத்தில் வருமான வரி போன்ற கட்டாயப் பிடித்தம்தான் கழியும். கார் இஎம்ஐ, தனிநபர் கடன், விருப்பச் சேமிப்பு எல்லாம் காட்டிச் சம்பளத்தைச் சுருக்கினால் நீதிபதிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

உச்ச நீதிமன்றத்தின் 2020 நவம்பர் தீர்ப்புக்குப் பின் இரு தரப்பும் சொத்து, கடன் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும். தன்னை நம்பியிருப்போர் யார், வேறு வழக்கில் ஏற்கெனவே ஜீவனாம்ச உத்தரவு உண்டா என்பதை அதில் மறைத்தால் பிறகு தலைவலிதான். இன்னொரு குழந்தையைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டு, வாதத்தின்போது வாய்வார்த்தையாகச் சொல்வது எடுபடாது.

எந்தக் குழந்தை கணக்கில் வரும் என்பதிலும் குழப்பம் அதிகம். திருமணம் செல்லாவிட்டாலும், திருமணமே நடக்காவிட்டாலும், பெற்ற பிள்ளைக்குத் தந்தை கொடுத்தே ஆக வேண்டும் (அதே சன்ஹிதாவின் பிரிவு 144). தாய் மறுமணம் செய்தால் அவருடைய ஜீவனாம்சம் நிற்கும், குழந்தையுடையது நிற்காது. பரஸ்பர விவாகரத்தில் "குழந்தைக்கும் எதுவும் வேண்டாம்" என்று தாய் எழுதிக் கொடுத்தாலும், குழந்தையின் உரிமை போய்விடாது.