அக்குள் கட்டி பத்தி டாக்டர்களுக்கு மெசேஜ் அனுப்பப் போறீங்களா? நாங்க பண்ணின தப்பெல்லாம் பண்ணாதீங்க

கோத்தகிரி பக்கம் தேயிலை பறிக்கிற ஒரு அக்கா, மூணு வருஷத்துல அஞ்சு தடவ அக்குள்ல கட்டி கீறி சீழ் எடுத்தாச்சு, ஒவ்வொரு தடவையும் வேற வேற டாக்டர், ஆனா எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், "சூட்டுக் கட்டிம்மா, மோர் குடி". உறைபனி விழுற ஊர்ல என்னங்க சூடு!

அது ஹைட்ராடினைடிஸ் சப்புரேட்டிவாங்கிற தோல் வியாதி, சுருக்கமா எச்.எஸ். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில, புட்டத்துலன்னு கட்டி திரும்பத் திரும்ப வரும், போகப் போக தோலுக்கு அடியில சுரங்கம் மாதிரி ஓட்டை போயிடும். தொத்தாது, அழுக்கால வர்றதும் இல்ல. இது இன்னதுன்னு கண்டுபிடிக்கவே பல பேருக்கு வருஷக்கணக்காகுது. அதான் மலையில இருக்கிற டாக்டர்களுக்கு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சோம்.

முதல் வேலையா நாப்பது பக்க பிடிஎஃப்ப தூக்கிப் போட்டோம். பந்தலூர் பக்கம் சிக்னல் எப்படின்னு தெரியும்ல, ஒருத்தர் கூட திறக்கல (உண்மைய சொன்னா நானே முழுசா படிக்கல). ஓபில கத்திய கையில எடுக்கிற அந்த நிமிஷத்துல ஞாபகம் வர்ற மாதிரி ஒரு கேள்வி போதும்: "இதே இடத்துல முன்னாடி வந்துச்சா, 6 மாசத்துல ரெண்டு தடவையாவது?" இதுக்குன்னு தனி ரத்த டெஸ்ட் எல்லாம் கிடையாது, கேட்டுப் பாத்துதான் கண்டுபிடிக்கணும்.

அதையும் காலையில பத்து மணிக்கு அனுப்பாதீங்க, ஓபி கூட்டத்துல, குட் மார்னிங் ரோஜாப்பூவுக்கு அடியில புதைஞ்சிடும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு மாத்தினப்புறம்தான் பதிலே வர ஆரம்பிச்சுது.

நெட் இல்லாதவங்களுக்கு எஸ்எம்எஸ் போட்டப்ப நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டோம். இங்கிலீஷ்ல ஒரு எஸ்எம்எஸ்க்கு 160 எழுத்து, தமிழ்ல 70 தான், அதுவும் புள்ளி கொம்பெல்லாம் தனித்தனியா எண்ணும். ஒருத்தரோட பட்டன் போன்ல மெசேஜ் ரெண்டா உடைஞ்சு "கட்டியைக் கீறிட்டா சரியாயிடும்" வரைக்கும் வந்து நின்னுடுச்சு, "னு நினைக்காதீங்க" சாயங்காலம் வந்துச்சு! அதனால சுத்தி வளைக்காம நேரா எழுதுங்க. அதுக்காக "கீறவே கூடாது"ன்னும் போடாதீங்க, வலி தாங்காம வர்றவங்களுக்கு கீறித்தான் ஆகணும், ஆனா அதோட அந்த இடம் ஆறிடாது, திரும்ப வரும், அத சொல்லணும்.

போட்டோல ரெண்டு தப்பு. வெள்ளைத் தோல்ல செக்கச்செவேல்னு இருக்கிற படத்த அனுப்பினோம், நம்ம ஆளுங்க தோல்ல அது கருஞ்சிவப்பா, சில நேரம் வெறும் கருப்பாத்தான் தெரியும். அப்புறம் நம்மூர் படமே அனுமதி வாங்கி போட்டோம், முகம் இல்ல, ஆனா வளையலப் பாத்தே ஒரு நர்ஸ் "இது எங்க எஸ்டேட் லைன் வீட்டு அக்கால்ல"ன்னுட்டாங்க. அந்தக்காவுக்கு நாங்க என்ன பதில் சொல்றது? இப்பல்லாம் புண்ண மட்டும் வெட்டி எடுத்துத்தான் போடறோம்.

ப்ளூ டிக்க நம்பாதீங்க. வாரம் ஒரு கேஸ் போட்டு "இது வெறும் கட்டியா, டிபியா, எச்.எஸ்ஸா?"ன்னு கேளுங்க, தப்பா சொன்னவருக்கு தனியா மெசேஜ் பண்ணுங்க, குரூப்ல வச்சு திருத்தினா மறுவாரம் வாயே திறக்க மாட்டார்.

இன்னொண்ணு, ஸ்கின் ஓபி என்னைக்குன்னு போடாம "ஊட்டிக்கு அனுப்புங்க"ன்னு போட்டோம். கூடலூர்ல இருந்து ஒருத்தர் ஒரு நாள் கூலிய விட்டு ஐம்பத்தொரு கிலோமீட்டர் பஸ்ல வந்தா, அன்னைக்கு ஸ்கின் டாக்டர் லீவு.