கூட்டத்தொடருக்குப் புறப்படும் முன்: சேலம் மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேரவையின் புதிய கூட்டத்தொடர் அறிவிக்கப்பட்டதும் ஒவ்வொரு தொகுதியிலும் கோரிக்கைப் பட்டியல் தயாராகத் தொடங்கிவிடும். சாலை, பாலம், பேருந்து, பள்ளிக் கட்டடம், மருத்துவர் பணியிடம், தடுப்பணை என்று அது நீண்டுகொண்டே போகும். அந்தப் பட்டியலைச் சென்னைக்குக் கொண்டுசெல்லும் உறுப்பினருக்கோ மானியக் கோரிக்கை விவாதத்தில், அதாவது ஒவ்வொரு துறையின் செலவுக்கும் பேரவையின் ஒப்புதலைக் கேட்கும் விவாதத்தில், பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அண்மை ஆண்டுகளில் பேரவை கூடும் நாள்கள் ஆண்டுக்கு ஐம்பதை எட்டுவதே அரிதாக இருக்கிறது. எதை முதலில் கேட்பது, யாரிடம் கேட்பது, எந்த வடிவில் கேட்பது என்பதைப் புறப்படும் முன்பே முடிவுசெய்யாத உறுப்பினர், எவ்வளவு பேசினாலும் தொகுதிக்கு ஒன்றும் கொண்டுவர முடியாது. சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளை மனத்தில் வைத்து, இதில் அடிக்கடி நேரும் தவறுகளை இங்கே விளக்குகிறேன். புதிய உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய உதவியாளர்களுக்கும் மட்டுமின்றி, அவர்களிடம் மனு எழுதிக் கொடுக்கும் வாக்காளர்களுக்கும் இது பொருந்தும்.

கோரிக்கைப் பட்டியலையே முன்னுரிமைப் பட்டியல் என்று கருதுவதுதான் முதல் தவறு. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 234 தொகுதிகளின் உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, நெடுநாளாக நிறைவேறாத முக்கியமான 10 கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடம் அளிக்கும்படி கேட்டார். அந்த நடைமுறையின் பயன் என்று நான் கருதுவது, நூறு மனுக்களிலிருந்து பத்தைப் பிரித்தெடுக்க வேண்டிய கட்டாயத்தை அது உண்டாக்கியதுதான். ஒரு கூட்டத்தொடருக்கு அந்தப் பத்தும் அதிகம். விடாமல் பின்தொடரக்கூடிய மூன்று கோரிக்கைகளைத் தேர்ந்தெடுத்து, அவை ஒவ்வொன்றும் இப்போது எந்தத் துறையில், எந்த நிலையில் நிற்கின்றன என்பதை எழுதிவைத்துக்கொள்வதே போதுமானது. நிர்வாக ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் பணிக்கும், ஒப்புதல் கிடைத்து நிதி ஒதுக்கப்படாத பணிக்கும், நிதி இருந்தும் ஒப்பந்தப்புள்ளி கோரப்படாத பணிக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றல்ல. இவற்றைப் பிரித்தறியாமல் “விரைந்து நிறைவேற்ற வேண்டும்” என்று கேட்டால், “நிதிநிலைக்கேற்ப முன்னுரிமை அடிப்படையில் பரிசீலிக்கப்படும்” என்ற பதில்தான் கிடைக்கும்.

மாநில அரசின் கையில் இல்லாதவற்றை மாநில அமைச்சரிடம் கேட்டு நேரத்தைச் செலவிடுவது அடுத்த தவறு. சேலத்தில் இதற்கான வாய்ப்பு மிக அதிகம், ஏனென்றால் 2007-இல் தொடங்கப்பட்ட ரயில்வே கோட்டம், உருக்காலை, காமலாபுரம் விமான நிலையம் என மாவட்டத்தின் பெயர்பெற்ற நிறுவனங்கள் பலவும் ஒன்றிய அரசைச் சேர்ந்தவை. வெள்ளிக் கொலுசுத் தொழிலைப் பாதிக்கும் சரக்கு மற்றும் சேவை வரியின் விகிதத்தையும் பேரவை தனியாக மாற்றிவிட முடியாது. அது ஜிஎஸ்டி மன்றத்தின் பரிந்துரையைப் பொறுத்தது. இவற்றைப் பற்றிப் பேசவே கூடாது என்பதல்ல. ஒன்றியத் திட்டம் ஒவ்வொன்றிலும் மாநில அரசு செய்ய வேண்டிய பகுதி ஒன்று இருக்கும். அதைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். 2018-இல் சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைக்காக நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்தபோது திட்டம் ஒன்றிய அரசினுடையதாக இருந்தாலும், நிலத்தை அளந்து கல் நட்டவர்கள் மாநில வருவாய்த் துறையினரே. சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அந்த அறிவிப்புகளை ரத்து செய்ததற்கும், உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் அவற்றைச் செல்லும் என்று சொன்னதற்கும் இடையே உழவர்கள் எத்தனையோ ஐயங்களோடு இருந்தார்கள். எந்தச் சர்வே எண்ணில் என்ன பதிவாகியிருக்கிறது என்று வருவாய்த் துறை அமைச்சரிடம் கேட்பது முழுக்க முழுக்கப் பேரவைக்குள் அடங்கும் வேலை.

இதற்கு நேர்மாறான தவறுதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது: மாநிலத்தாலேயே செய்ய முடிந்ததை, “அது வனத்துறை நிலம், ஒன்றிய அனுமதி வேண்டும்” என்று கைவிட்டுவிடுவது. சேர்வராயன் மலையில் இது அன்றாடப் பேச்சு. காப்புக்காட்டின் வழியே சாலை கேட்கும் மலைக்கிராமத்து மக்களுக்கு இந்த ஒரு வாக்கியமே ஆண்டாண்டுகளாக விடையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2)-இல், சாலை, பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு வன நிலத்தைப் பயன்படுத்தத் தனி வழி வகுத்திருக்கிறது. ஒவ்வொரு பணிக்கும் எடுக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும்; ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது; கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இவை நிறைவேறினால் மாவட்ட வன அலுவலர் அளவிலேயே அனுமதி வழங்கலாம். நான்கு மீட்டர் அகலத்தில் சாலை போட்டால் ஒரு ஹெக்டேருக்குள் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் அடங்கிவிடும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு குக்கிராமத்தைத் தார்ச்சாலையோடு சேர்க்கப் பல இடங்களில் அவ்வளவு தூரமே போதும்.

சேர்வராயன் மலையை உள்ளடக்கிய ஏற்காடு, பழங்குடியினருக்கான தனித் தொகுதி. தமிழ்நாட்டில் அத்தகைய தொகுதிகள் இரண்டுதான், மற்றொன்று சேந்தமங்கலம். ஆகவே அந்தத் தொகுதியின் உறுப்பினர் இந்தப் பிரிவை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையன்று. பேரவையில் அவர் கேட்க வேண்டியது, “மலைக்கிராமங்களுக்குச் சாலை அமைக்க அரசு ஆவன செய்யுமா?” என்ற வினாவை அல்ல. “ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தில் பேருந்து செல்லும் சாலை இல்லாத குக்கிராமங்கள் எவை, அவற்றுள் வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவின்படி கிராம சபைத் தீர்மானத்துடன் முன்மொழிவு அனுப்பப்பட்டவை எத்தனை, நிலுவையில் உள்ளவற்றுக்குக் காரணம் என்ன?” என்று கேட்டால், விடை தயாரிப்பதற்காகவே மாவட்டத்தில் கோப்புகளைத் திறந்தாக வேண்டும். வினா பேரவையில் எடுத்துக்கொள்ளப்படுவதற்கு முன்பே அதன் பயனில் ஒரு பகுதி கிடைத்துவிடுகிறது.

ஒரு சிக்கலை ஒரே துறையின் தலையில் கட்டிவிடுவதும் பரவலான தவறு. வாழப்பாடி, ஆத்தூர், கெங்கவல்லி பகுதிகளின் மரவள்ளிக்கிழங்கை எடுத்துக்கொள்வோம். விலை சரிந்தால் உடனே வேளாண் மானியக் கோரிக்கையில் அதைப் பற்றிப் பேசுவார்கள். 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வேறு வருவதால் அதுவே உரிய இடம் என்று தோன்றும். உண்மையில் மாவுப்பூச்சித் தாக்குதலும் நடவுக் குச்சியின் தரமும் மட்டுமே வேளாண்மை–உழவர் நலத் துறையைச் சேர்ந்தவை. ஜவ்வரிசியையும் ஸ்டார்ச்சையும் ஏலத்தில் விற்றுக்கொடுக்கும் சேகோசர்வ், 1981-இல் தொடங்கப்பட்ட தொழிற்கூட்டுறவுச் சங்கம் என்பதால் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில்கள் துறையின் கீழ் வருகிறது. ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவைக் கலப்பதைத் தடுப்பது உணவுப் பாதுகாப்புப் பிரிவின் வேலை. அது மக்கள் நல்வாழ்வுத் துறை. ஆலைக்காரர், உழவர், அதிகாரிகள் அமரும் முத்தரப்புக் கூட்டத்தை நடத்துவது மாவட்ட நிர்வாகம்.

உழவரின் மனக்குறை பெரும்பாலும் பாயிண்ட் கணக்கில்தான் இருக்கிறது. கிழங்கிலுள்ள மாவுச்சத்தை அளந்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை போடுகிறார்கள். அளப்பது வாங்குகிறவரின் இடத்தில், வாங்குகிறவரின் கருவியில். அந்த அளவில் நம்பிக்கை ஏற்படாத வரை விலையை உயர்த்தக் கேட்டுப் பயனில்லை, ஏனென்றால் உயர்த்திய விலையைப் பாயிண்ட் குறைத்துச் சரிக்கட்டிவிட முடியும். பொதுவான இடத்தில் அளவை வைக்க வேண்டும் என்ற கோரிக்கையை ஒரு துறையின் விவாதத்தில் எழுப்பி, கலப்படச் சோதனை பற்றிய வினாவை வேறொரு துறைக்கு அனுப்பி, முத்தரப்புக் கூட்டத்தின் முடிவுகளை ஆட்சியரிடம் எழுத்தில் கேட்டுப் பெறும் உறுப்பினரே இந்தச் சிக்கலை ஓரளவேனும் நகர்த்த முடியும். அந்தந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைப் படித்துவிட்டுப் போவது இதற்குக் குறைந்தபட்சத் தேவை.

தொகுதி மேம்பாட்டு நிதியில் முடிக்கக்கூடிய நிழற்குடையையும் உயர்கோபுர மின்விளக்கையும் பேரவைப் பேச்சில் சேர்ப்பது வீண். அவற்றை மாவட்டத்திலேயே முடித்துவிடலாம். கட்சித் தலைவர்களைப் புகழ்வதில் பாதி நிமிடங்களைக் கழிப்பது அதைவிடப் பெரிய இழப்பு. தொகுதி மக்கள் கொடுத்தனுப்பிய நேரம் அது.

அறிவிப்பு வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணிவிடுவதையும் தவிர்க்க வேண்டும். பேரவை விதி 110-இன் கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ அவையில் வெளியிடும் அறிவிப்பின் மீது அப்போது விவாதம் கிடையாது. அதனாலேயே பின்னர் கேள்வி கேட்பவர் தேவைப்படுகிறார். மேட்டூர் அணையின் உபரிநீரைக் கொண்டு மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளை நிரப்ப 565 கோடி ரூபாயில் திட்டம் தீட்டப்பட்டு, 2021 பிப்ரவரியில் அதன் முதல் பகுதி தொடங்கிவைக்கப்பட்டது. அணை நிரம்பி வழியும் ஒவ்வோர் ஆண்டும் எந்தெந்த ஏரிக்கு எத்தனை நாள் நீர் சென்றது என்பதை ஏரியின் பெயரோடு கேட்பது உறுப்பினரின் கடமை, திட்டத்தை எந்த ஆட்சி கொண்டுவந்திருந்தாலும். அமைச்சர்கள் அவையில் தரும் வாக்குறுதிகளைப் பின்தொடரவென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அதன் கணக்கில் சேரும்படியான தெளிவான விடையை, காலக்கெடுவோடு, துணை வினாவில் கேட்டு வாங்குவதில் உறுப்பினரின் தேர்ச்சி தெரியும்.

மலைத்தொகுதிக்குப் பருவத்தை மறப்பது ஆபத்தான தவறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலையொட்டிப் பெய்த மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில் தடுப்புச்சுவர், சிறுபாலம், ஓரக்கால்வாய் ஆகியவற்றுக்கான கோரிக்கையைச் சரிவுக்குப் பிறகு எழுப்பினால் கிடைப்பது சீரமைப்பு நிதி மட்டுமே. நிதிநிலை அறிக்கையை ஒட்டி வரும் நெடுஞ்சாலைத் துறை மானியக் கோரிக்கையில் கேட்டால்தான், மதிப்பீடும் ஒப்பந்தப்புள்ளியும் முடிந்து வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை தொடங்க வழியுண்டு.

அண்டைத் தொகுதி உறுப்பினர்களோடு, அவர்கள் மாற்றுக் கட்சியினர் என்பதற்காகவே, கலந்து பேசாமல் இருப்பதும் மாவட்டத்துக்குக் கேடு. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் மாநகரின் கழிவைச் சுமந்துகொண்டு தெற்கே உழவர் நிலங்களுக்குப் போகிறது. மாநகராட்சி, மாசுக்கட்டுப்பாட்டு வாரியம், நீர்வளத் துறை மூன்றும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையை ஒரு தொகுதி உறுப்பினர் மட்டும் கேட்டால், ஒவ்வொரு துறையும் அடுத்த துறையைக் கைகாட்டிவிடும். ஆற்றங்கரைத் தொகுதிகளின் உறுப்பினர்கள் ஒரே கூட்டத்தொடரில் ஒரே வினாவை மூன்று துறைகளுக்கும் பகிர்ந்து அனுப்பினால் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது.

கூட்டத்தொடர் முடிந்ததும் கிடைத்த விடைகளை அலுவலக அலமாரியில் வைத்துவிடக் கூடாது. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என வரிசையாகக் கிராம சபைகள் வருகின்றன. பேரவையில் தரப்பட்ட விடையின் படியை அந்தந்த ஊராட்சிக்கு அனுப்பி, அங்கே வாசிக்கச் செய்தால், சாலை போடப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஊரில் சாலை இருக்கிறதா என்பதை அந்த ஊர் மக்களே சொல்லிவிடுவார்கள். அடுத்த கூட்டத்தொடருக்கான முதல் வினாவும் அங்கிருந்தே வந்துவிடும்.