நிழல் விழுந்த பஸ் போர்டு

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பஸ் போர்டு படித்தால் எழுத்துக்கெல்லாம் நிழல் விழும். மேலூரா, நத்தமா என்று கண்டக்டரிடம் கேட்டுத்தான் ஏறுவேன். 61 வயது, கண்புரைதான் என்று நினைத்தேன். புரையும் இருந்தது. ஆனால் கருவிழியின் வளைவை டயாப்டர் என்ற பவர் கணக்கில் அளந்தால் ஒரு திசையில் 43, குறுக்கே 45.5. பந்து மாதிரி இல்லாமல் ஒரு பக்கம் அதிகம் வளைந்திருப்பதால் வெளிச்சம் ஒரே புள்ளியில் குவியவில்லையாம். கம்ப்யூட்டர் படத்தில் அது சிவப்பு உடுக்கை போலத் தெரிந்தது!

புரையை எடுத்துவிட்டு, இந்தச் சமமில்லாத வளைவையும் ஈடுகட்டும் டோரிக் லென்ஸைக் கண்ணுக்குள் வைக்கலாம் என்றார் டாக்டர். சாதா லென்ஸைவிட விலை அதிகம்; மருமகன் முனகினார், சரி என்றுவிட்டேன். இதில் லென்ஸ் எந்தக் கோணத்தில் உட்காருகிறது என்பதுதான் எல்லாம். 1 டிகிரி விலகினால் சுமார் 3 சதவீதப் பலன் போகும், 30 டிகிரி விலகினால் வைத்தும் வைக்காததும் ஒன்று. படுத்தால் கண் லேசாகச் சுழலும் என்பதால், உட்கார வைத்தே கருவிழி ஓரத்தில் மையால் குறித்தார்கள். “ஐயா, அசையாம நேரா பாருங்க” என்று மை வைத்த பெண் சொன்னபோதுதான் கொஞ்சம் பயந்தேன். ஆபரேஷன் என்னவோ சீக்கிரம் முடிந்துவிட்டது.

இப்போது நத்தம் போர்டு தூரத்திலேயே தெரிகிறது. பேப்பர் படிக்க மட்டும் கண்ணாடி.