துருக்கி மொழியில் இடம் சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

இஸ்தான்புல்லுக்குப் படிக்கவும் வேலைக்கும் வரும் தமிழ் இளைஞர் சிலருக்கு வார இறுதிகளில் துருக்கி மொழி சொல்லித் தருகிறேன். தொடக்கத்தில் நான் எந்தெந்த வாக்கியங்களில் இடறினேனோ, அதே வாக்கியங்களில்தான் அவர்களும் இடறுகிறார்கள். இதற்குக் காரணம் கவனக்குறைவு அன்று. தமிழைப் போலவே துருக்கி மொழியும் உருபுகளைச் சொல்லின் பின்னால் ஒட்டுகிறது, வினையை இறுதியில் வைக்கிறது. ஆகவே தமிழில் நினைத்துச் சொற்களை மட்டும் மாற்றினால் போதும் என்ற துணிவு நமக்கு எளிதில் வந்துவிடுகிறது. பல நேரங்களில் அது பலிக்கவும் செய்கிறது. பலிக்காத இடங்களைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். இட உருபு 'தா' என்றும் 'தெ' என்றும் மாறி வருவதைப் பாடநூல்கள் முதல் பக்கங்களிலேயே விளக்கிவிடுவதால் அதை விட்டுவிடுகிறேன்.

எங்கே, எங்கே

"எங்கே இருக்கிறாய்?" என்பதற்கும் "எங்கே போகிறாய்?" என்பதற்கும் நமக்கு ஒரே 'எங்கே' போதும். துருக்கி மொழியில் இருக்கும் இடத்துக்கு 'நெரெதெ', போகும் இடத்துக்கு 'நெரெயெ', புறப்பட்ட இடத்துக்கு 'நெரெதென்' என மூன்று சொற்கள் உண்டு.

இதே வேறுபாடு வலப்பக்கம், இடப்பக்கம் என்பவற்றுக்கும் பொருந்தும். 'ஸா' என்றால் வலது. "ஸாஆ தொனுன்" என்றால் வலப்பக்கம் திரும்புங்கள் என்று பொருள். 'ஸாதா' என்றால் வலப்பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். என் மாணவர் ஒருவர் மருந்துக்கடைக்கு வழி கேட்டு, 'ஸாதா' என்ற விடையைக் கேட்டதும் வலப்பக்கம் வந்த முதல் சந்துக்குள் திரும்பி நெடுந்தூரம் நடந்துவிட்டார். நேராகவே போயிருந்தால் நாற்பது அடியில் அந்தக் கடை வலப்பக்கம் வந்திருக்கும்.

எல்லா இடத்திலும் 'இருக்கிறது' என்று சொல்லாதீர்கள்

"கொஷெதெ எஜ்ஸானெ வர்" என்றால் மூலையில் ஒரு மருந்துக்கடை உண்டு. 'வர்' என்பதே அந்த 'உண்டு'. தெரிந்த ஒரு கடையைத் தேடும்போது "எஜ்ஸானெ நெரெதெ?" என்பதே முழு வாக்கியம், அங்கே 'வர்' சேர்க்க வேண்டாம்.

உரியவர் இல்லாத 'எதிர்'

எதன் எதிரில் என்று சொல்லாமல் 'எதிரில்' என்று மட்டும் சொல்லும் தவறை வகுப்பில் யாராவது செய்தால் இன்றும் என் முகம் மாறிவிடுகிறது. முதலில் ஒலியைச் சொல்லிவிடுகிறேன்: எதிர்ப்புறம் என்பதற்கான சொல் 'கர்ஷு'. அதன் ஈற்றில் ஒலிப்பது 'பட்டு', 'காடு' என்பவற்றின் ஈற்றில் நாம் ஒலிக்கும் குற்றியலுகரமே. புள்ளியில்லாத 'i' எழுத்தால் (ı) அதை எழுதுகிறார்கள். கீழே வரும் வடிவங்களிலும் 'ஷு', 'ஸு' ஆகியவற்றை அப்படியே படிக்கவும்.

நான் வந்த முதல் ஆண்டு, குளிர்காலம். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க ஓர் அலுவலகத்தில் எனக்கு நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். என் மூலச் சான்றிதழ்கள் நகரத்தின் ஆசியப் பகுதியில் குடியிருந்த நண்பரிடம் இருந்தன. அதே ஆசியப் பகுதியில் உள்ள காதிக்கொய் படகுத்துறைக்கு எதிரே நின்றுகொண்டு அவருக்குச் செய்தி அனுப்பினேன்: "கர்ஷுதாயும், இஸ்கெலெ." எதிரில் இருக்கிறேன், படகுத்துறை என்பது என் கணக்கு. இஸ்தான்புல்லில் 'கர்ஷு' என்று தனியாகச் சொன்னால் பாஸ்பரஸ் நீரிணையின் அக்கரை என்று பொருள். ஆசியப் பகுதியில் இருப்பவருக்கு அது ஐரோப்பா. நான் அக்கரைப் படகுத்துறையில் காத்திருப்பதாக எண்ணிய நண்பர், நான் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஐரோப்பியக் கரையிலுள்ள எமினொனு செல்லும் கப்பலில் ஏறிவிட்டார். அவர் அங்கே இறங்கி, என்னைத் தேடி, தொலைபேசியில் பேசி, அடுத்த கப்பலில் திரும்பி வருவதற்குள் எனக்குக் குறித்த நேரம் போய்விட்டது. மறுமுறை நேரம் கிடைக்க 3 வாரம் ஆயிற்று.

நான் எழுதியிருக்க வேண்டியது "இஸ்கெலெனின் கர்ஷுஸுந்தாயும்." அதே இரண்டு சொற்கள்தாம். ஆனால் 'இஸ்கெலெ' உடைமை உருபு ஏற்று முதலில் வருகிறது. 'கர்ஷு' 'அதனுடைய' என்ற குறியை ஏற்று அதனோடு பிணைகிறது. கர்ஷு, அதன்மேல் 'ஸு', பின் ஒரு 'ன்', பின் 'தா'. ஒட்டாகச் சொன்னால் துறையின் அதன்-எதிரில். தமிழில் 'துறையின் எதிரில்' என்று சொல்லும்போது 'எதிர்' என்ற சொல்லில் எந்தக் குறியும் விழுவதில்லை. அதனால்தான் அந்த 'ஸு' நம் வாயில் வர மறுக்கிறது.

இடையில் வரும் 'ன்' பலரைக் குழப்புகிறது. மரம் என்பதோடு இல் சேரும்போது நடுவே 'அத்து' வந்து 'மரத்தில்' ஆவதை எண்ணிப் பாருங்கள். நம் சாரியையைப் போன்ற ஒன்றுதான் அது. படர்க்கைக் குறிக்குப் பிறகே அது வரும். 'என் எதிரில்' என்பதற்கு 'கர்ஷும்தா' போதும்.

மேல், கீழ், முன், பின், பக்கம், உள் ஆகிய எல்லாவற்றுக்கும் இதே கட்டமைப்புதான். மேசையின் மேல் என்பதற்கு 'மஸானுன் உஸ்துந்தெ', விடுதியின் முன் என்பதற்கு 'ஒதெலின் ஒனுந்தெ'. என் மாணவர்களை இவற்றை ஒரே மூச்சில் இருபது முறை சொல்ல வைக்கிறேன். அவர்கள் சலித்துக்கொண்டாலும் நான் விடுவதில்லை. ஒன்றைக் கட்டாயம் மனத்தில் கொள்ளுங்கள்: உரிய பெயரைச் சொல்லாமல் விட்டால் கேட்பவர் அதை மெல்லத் திருத்திப் புரிந்துகொள்வார் என்று நம்ப முடியாது. 'கர்ஷுதா' பிழையான சொல் அன்று. வேறோர் இடத்தைச் சுட்டும் சரியான சொல். ஆகவே கேட்பவர் ஐயமே இல்லாமல் அந்த வேறு இடத்துக்குப் போய்விடுவார்.

அருகும் தொலைவும்

விடுதிக்கு அருகில், விடுதியிலிருந்து தொலைவில்: இங்கே தமிழ் உருபுகளையே பின்பற்றுங்கள்.

நடுச்சுட்டு

புராதா இங்கே, ஒராதா அங்கே. நடுவில் 'ஷுராதா' என்று ஒன்று உண்டு (இதன் 'ஷு' மட்டும் முழு உகரமாக ஒலிக்கும்). 'உது', 'உவன்' என்று இன்றும் பேசும் யாழ்ப்பாணத்து மாணவர்கள் இதை உடனே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு: கேட்பவர் இன்னும் கவனிக்காத ஒன்றைக் கைகாட்டி, 'அதோ பாருங்கள்' என்று திருப்பும்போதே 'ஷு' இயல்பாக வருகிறது.

விளக்குகளிலிருந்து

வழி சொல்பவர் "உஷுக்லர்தன் ஸாஆ தொனுன்" என்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால், விளக்குகளிலிருந்து வலப்பக்கம் திரும்புங்கள். புதியவர்கள் இதைக் கேட்டு, சிக்னலைத் தாண்டி அடுத்த திருப்பத்தில் திரும்பிவிடுகிறார்கள். நாம் 'சிக்னலில் திரும்புங்கள்' என்று சொல்லும் இடத்தில் அவர்கள் நீங்கல் உருபை வைக்கிறார்கள், அவ்வளவே. திரும்ப வேண்டியது சிக்னலில்தான். தாண்டிப் போகச் சொன்னால் அதன் பின் 'ஸொன்ரா' என்ற சொல் சேர்ந்து வரும். வழி கேட்கும்போது காது அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கட்டும்.