சண்டை விளையாட்டுக் களத்தில் முதலுதவித் தொண்டர்: முதன்முறை போகிறவர்களுக்கு

பெயின்ட்பால் (சாய உருண்டை சுடும் ஆட்டம்), ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டு சுடும் ஆட்டம்), பஞ்சு உறை போட்ட வாள், கம்பு என்று எந்தப் பொழுதுபோக்குச் சண்டையானாலும், முதலுதவித் தொண்டரின் வேலையில் பாதி ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இந்தப் பொறுப்பைப் புதிதாக ஏற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

படி 1: சான்றிதழ்

தென்னாப்பிரிக்காவில் முதலுதவிப் பயிற்சிக்கு மூன்று நிலைகள் உண்டு. அங்கீகாரம் பெற்ற நிலையமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். சான்றிதழ் 3 ஆண்டுகள் செல்லும். இந்தக் களங்களுக்கு இரண்டாம் நிலையாவது வேண்டும் என்பது எங்கள் கருத்து. எந்த நிலை முடித்திருந்தாலும் உங்களைப் பாராமெடிக் (அவசர மருத்துவப் பணியாளர்) என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவு பெற்றவர்களுக்கே அந்தப் பெயர் உரியது.

படி 2: களத்தை நடந்து பாருங்கள்

ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். ஆம்புலன்ஸ் எந்த வாசலில் நுழையும், அதன் சாவி யாரிடம், செல்பேசி சிக்னல் எங்கே கிடைக்கும் என்று பாருங்கள். அழைக்க வேண்டிய எண் 10177, செல்பேசியிலிருந்து 112. புதர்க்காட்டுக்குத் தெருப்பெயர் இருக்காது, அதனால் வாசலின் ஜிபிஎஸ் எண்களை ஒரு அட்டையில் எழுதிப் பையின் மேலேயே ஒட்டிவிடுங்கள். கரையோரப் புதர்களில் பாம்பும் உண்டு. கடித்துவிட்டால் கீறுவதோ உறிஞ்சுவதோ கூடாது. ஆளை அசையவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

பிறகு நடுவரிடம் பேசுங்கள். நீங்கள் கை தூக்கினால் ஆட்டம் நிற்க வேண்டும் என்பதை எல்லோர் முன்னிலையிலும் அவர் சொல்லட்டும். பெயின்ட்பால் களத்தில் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் குழலுறை மாட்டும் வரை நீங்களும் முகமூடியோடுதான் உள்ளே போக வேண்டும். அடிபட்டவரைப் பார்த்த பதற்றத்தில் புதியவர்கள் மறப்பது இதைத்தான்.

படி 3: பை

முப்பது பேர் ஆடும் ஒரு நாளுக்கு நாங்கள் சொல்லும் கணக்கு: நைட்ரைல் கையுறை 10 ஜோடி, 10 செ.மீ. சதுரக் காஸ் 20, கிரேப் பேண்டேஜ் 6, முக்கோணக் கட்டுத்துணி 4, குழிவான கண்கவசம் 2, அரை லிட்டர் சலைன் 2, இரத்தம் நிறுத்தும் இறுக்குப்பட்டை 1, உடை வெட்டும் கத்தரி, ஒட்டும் டேப், செயற்கைச் சுவாச முகமூடி. கூடவே ஒரு கூலர் பெட்டி நிறைய ஐஸ். குத்தினால் குளிரும் இரசாயனப் பைகளை மட்டும் நம்பிப் போகாதீர்கள். டர்பன் வெயிலில் அவை சீக்கிரம் சூடாகிவிடும். மாத்திரை எதுவும் வேண்டாம்.

படி 4: அடிபட்டால்

வாளிலும் கம்பிலும் அதிகம் அடிபடுவது விரல். முதலில் மோதிரத்தைக் கழற்றுங்கள். வீங்கிய பிறகு வராது. விரல் நேராக இருந்தால் பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டலாம். கோணியிருந்தால் நேராக்க முயலாமல், இருக்கிற நிலையிலேயே தாங்கல் கொடுத்து அனுப்புங்கள்.

கண்ணில் நேரடி அடி விழுந்தால் தேய்க்கவோ அழுத்தவோ விடக்கூடாது. கருவிழிக்கு முன்னால் இரத்தம் தேங்கினாலும், பார்வை மங்கினாலும், வலி நின்றுவிட்டாலும்கூட மருத்துவமனைதான். கண்கவசத்தைக் கண்மேல் படாமல் எலும்பில் நிற்கும்படி ஒட்டி, தலையை உயர்த்தி உட்கார வையுங்கள். ஏதாவது குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், கழுவவும் கூடாது.

தலையில் அடிபட்டு ஒரு கணம் தடுமாறினாலும் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. "நான் நல்லா இருக்கேன் அண்ணா" என்று கெஞ்சுவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுவது உயிருக்கே ஆபத்து. கழுத்து வலித்தாலோ கைகால் மரத்தாலோ அசைக்காமல் பிடித்திருங்கள். மூச்சுக்குத் தடையில்லை என்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம்.

நெஞ்சில் அடி வாங்கியவர் சட்டென்று சரிந்து, பதில் தராமல், மூச்சும் சரியாக இல்லையென்றால் காத்திருக்காதீர்கள். அடி விழுந்த நொடி இதயத்தின் துடிப்பைக் குலைத்திருக்கலாம். ஒருவரை ஆம்புலன்ஸ் அழைக்கச் சொல்லி, இன்னொருவரை ஏஇடி கருவி (இதயத்துக்கு மின்னதிர்ச்சி தருவது) எடுத்துவர ஓடவிட்டு, நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ., 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு.

வெயில். காவடி நாட்களில் கோயில் வாசலில் தொண்டு செய்தவர்களுக்கு மயக்கம் புதிதல்ல, ஆனால் கவசத்துக்குள் இருப்பவர் சூட்டை வெளியே விட வழியே இல்லை. உடல் கொதித்து, பேச்சும் குழம்பினால் அது வெப்பத்தாக்கு. குடிக்கக் கொடுக்காதீர்கள். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் அங்கேயே குளிரவையுங்கள்: கவசம் கழற்றி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி, கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ்.

படி 5: ஒப்படைப்பு

பெயர், நேரம், என்ன நடந்தது, என்ன செய்தீர்கள் என நான்கு வரி எழுதி ஆம்புலன்ஸ்காரரிடம் கொடுங்கள். தலையில் அடிபட்டு வீட்டுக்குப் போகிறவர் கார் ஓட்டக்கூடாது. அன்றிரவு தனியாகவும் இருக்கக்கூடாது. வாந்தி, கூடும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், குழறும் பேச்சு எது வந்தாலும் உடனே மருத்துவமனை என்பதைக் கூட வந்தவரிடம் சொல்லி, ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதிக் கொடுங்கள்.